கணிப்பொறித் தொகுதியும் குறைவினையும்

(தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணாக்கன் ஒருவன்)

புதுப்பட்டினத்து மீனவர் குப்பத்தில் வளர்ந்தவர்க்குப் படகெண்ணும் வழக்கம் புதிதன்று. விடியுமுன் கடலேறிய படகுகள் முற்பகலிற் கரை சேருங்கால், மணல்மேட்டில் நிற்கும் தாய்மார் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணுவர். இருபது சென்றன, பத்தொன்பது வந்தன எனின், எஞ்சிய ஒன்றைப் பற்றி அவர்கள் வாயினின்று வரும் சொல் ஒன்றே: "இன்னும் வரல." மூழ்கிற்று என்று ஒருவரும் சொல்லார், வந்துவிட்டாற்போலக் கொண்டு வீடு திரும்பவும் மாட்டார். நலமாய் வந்த படகு வேறு. எஞ்சின் பழுதாகி வந்த படகு வேறு. செய்தியே தெரியாத படகு வேறு. இம்மூன்றனையும் மயங்காமல் வைத்தெண்ணும் அறிவு எங்கள் குப்பத்துப் பெண்டிர்க்கு இயல்பாய் அமைந்தது. அதே அறிவைக் கணிப்பொறிக்குப் புகட்டிய வகையே ஈண்டு யான் எழுதப் புகுந்த பொருள். தமிழ் பயிலும் ஒருவனுக்கு இப்பொருளில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். காரணம் பின்னர் விளங்கும்.

கேளம்பாக்கம் சிறுசேரிப் பக்கம் பேருந்திற் செல்வோர், உயர்ந்த கட்டடங்கள் பலவற்றைக் கண்டிருப்பர். அவற்றுட் சில தரவு நிலையங்கள். அவற்றினுள்ளே மனிதர் சிலரும் சர்வர் என வழங்கும் கணிப்பொறிகள் பலவும் உண்டு. வங்கிக் கணக்கும், இரயில் முன்பதிவும், நம் தேர்வு முடிவுகளும் இத்தகைய பொறிகளிலிருந்தே வருகின்றன. ஒரு பொறியை முறைப்படுத்த ஒருவன் அதன்முன் அமர்ந்து தட்டினாற் போதும். ஆயிரம் பொறிகளாயின் என் செய்வது? ஆணைகளை ஓர் ஏட்டில் எழுதி வைத்து, ஒரு நிரலைக் கொண்டு அவற்றை எல்லாப் பொறிகளிலும் நிறைவேற்றச் செய்வதே வழி. 1993-ஆம் ஆண்டு நார்வே நாட்டு ஆஸ்லோவில் மார்க் பர்ஜெஸ் என்னும் பௌதிக அறிஞர் இதன்பொருட்டு சி.எஃப். எஞ்சின் என்ற நிரலை இயற்றினார். பின்னர் பப்பெட், செஃப் முதலியன தோன்றின. 2012-இல் மைக்கேல் டிஹான் என்பவர் ஆன்சிபிள் என்பதை வெளியிட்டார். 2015-இல் ரெட் ஹாட் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. யான் சிறிது பழகியது இவ்வொன்றே. ஆகலின் இதனையே எடுத்துக்கொள்கிறேன்.

ஆன்சிபிள் என்னும் பெயர் உர்சுலா லெ குவின் அம்மையார் 1966-இல் எழுதிய கற்பனை நாவலினின்று வந்தது. அக்கதையில் அஃது எத்துணைத் தொலைவிலிருக்கும் உலகிற்கும் நொடிப்பொழுதிற் செய்தி கொண்டுசெல்லும் கருவி. பெயர் அவ்வாறிருப்ப, இந்நிரலைக் கற்கும் ஒருவன் விரைவில் எதிர்ப்படும் சொல் "எட்ட இயலவில்லை" என்பதே. பெயரிட்டவர்க்கு நகைச்சுவை மிகுதி போலும்.

தமிழிலக்கணம் கற்றவனுக்கு இந்நிரலில் ஒரு சுவை உண்டு. பழைய முறையில் கணிப்பொறிக்கு இடும் கட்டளைகள் ஏவல் வினையை ஒத்தவை: சேர், அழி, எழுது. "இவ்வரியைக் கோப்பிற் சேர்" என்று இருமுறை ஏவினால் அவ்வரி இருமுறை சேரும். ஆன்சிபிள் ஏட்டில் எழுதுவனவோ பெரும்பாலும் வியங்கோளை ஒத்தவை: இவ்வரி இக்கோப்பில் இருக்க, இந்நிரல் இப்பொறியில் இல்லாதொழிக. ஏற்கெனவே இருந்தால் பொறி ஒன்றும் செய்யாது. இல்லையேற் செய்து வைக்கும். ஆகவே அதே ஏட்டை நூறு முறை ஓட்டினும் தீங்கில்லை. ஏவலாகவே நிற்கும் கட்டளைகளையும் ஏட்டில் இடமுடியும். அவை ஓட்டுந்தோறும் மீண்டும் நிகழும். அவற்றைக் குறைவாகவே வைத்தல் நன்று என்று இத்துறையில் வல்லார் கூறுவர். ஒருகால் தவறியதை மறுகால் ஓட்டிச் சரிசெய்யலாம் என்னும் துணிவு வியங்கோளாற் கிடைப்பது. அத்துணிவு எவ்விடத்து நம்மைக் கைவிடும் என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

நிற்க. நாற்பது பொறிகளின்மேல் ஓர் ஏட்டை ஓட்டுகிறோம் என்க. வேறு வகையிற் சொல்லாவிடின், நிரல் ஒரே வேளையில் ஐந்தைந்து பொறிகளை அணுகும். முதற்பணியை நாற்பதிலும் முடித்த பின்னரே இரண்டாம் பணிக்குச் செல்லும். இறுதியில் ஒவ்வொரு பொறிக்கும் ஒரு வரியாகக் கணக்குக் காட்டும்: நலமாய் இருந்தவை இத்தனை, மாற்றப்பட்டவை இத்தனை, எட்டாதவை இத்தனை, தவறியவை இத்தனை என்று.

தவறியதும் எட்டாததும் ஒன்றென்று எண்ணுதல் கற்போர் செய்யும் முதற்பிழை. தவறுதலாவது, நம் சொல் பொறிக்குச் சென்று, பொறி முயன்று, இயலாது என்று விடை தந்தது. காரணமும் உடன் வரும்: வட்டில் இடமில்லை, கோப்பைக் காணோம் என்றாற்போல. எட்டாமையாவது, நம் சொல்லே சென்று சேராதது. பொறி அணைந்திருக்கலாம், கம்பி கழன்றிருக்கலாம், அன்றிப் பொறி முற்றும் நலமாய்த் தன் பணியைச் செய்துகொண்டே இருக்கலாம். நம் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. 1878-இல் தோன்றிய இந்து என்னும் ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு, பெருவெள்ளத்தின்போது, 2015 டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. இதழின் வரலாற்றில் அதுவே முதன்முறை. மறைமலை நகரிலிருந்த அச்சகத்துக்குத் தொழிலாளர் சென்று சேர இயலாமையே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. தடையாய் நின்றது அச்சுப்பொறியன்று, வழியே. அன்று அச்சுப்பொறி செப்பனிடுவோனை அழைத்துப் பயன் என்?

ஆன்சிபிள் இவ்வேறுபாட்டை ஒருபோதும் மறப்பதில்லை. ஒரு பணி தவறினால் அதற்கு மாற்றாக இன்னது செய்க என்று ஏட்டில் மீட்புப் பகுதி ஒன்று எழுதலாம். தவறிய பொறிக்கு அது பயன்படும். எட்டாத பொறிக்குப் பயன்படாது. மருந்தைக் கொண்டு செல்லவும் வழி வேண்டுமன்றோ? அங்ஙனமே "பிழையைப் பொருட்படுத்தாது மேற்செல்க" என்று ஒரு பணிக்கு எழுதினால், அது தவறுதலை மட்டுமே மன்னிக்கும். எட்டாமையைப் பொருட்படுத்தாதிருக்கத் தனிக் குறிப்பு வேண்டும்.

இனி, ஒரு பொறி தவறியவுடன் ஏனையவற்றின் கதி என்ன? யாதும் சொல்லாவிடின், தவறிய பொறியை வரிசையினின்று நீக்கிவிட்டு, நிரல் எஞ்சியவற்றோடு மேற்செல்லும். இவ்வியல்பு பல காரியங்களுக்கு நன்று. ஓர் ஊரில் ஒரு வீட்டில் விளக்கெரியவில்லை என்பதற்காக ஊர் முழுவதையும் இருளில் வைப்பார் இல்லை. ஆயினும் பொறிகள் தனித்தனி வீடுகளாக இராமல் ஒரே தேரை இழுக்கும் கைகளாக இருப்பின், சில கைகள் பழைய திசையிலும் சில புதிய திசையிலும் இழுப்பது பேரிடர். அதன் முழு விலையையும் 2012-இல் ஒரு நிறுவனம் செலுத்திற்று.

அமெரிக்காவில் நைட் கேபிடல் என்பது பங்கு வாணிகத்திற் பெயர்பெற்ற நிறுவனம். வாடிக்கையாளர் ஆணைகளைச் சந்தைக்கு அனுப்பும் அதன் நிரல் எட்டு சர்வர்களில் இயங்கியது. அவ்வாண்டு ஜூலை இறுதியில் புதிய நிரலை அவ்வெட்டிலும் படிப்படியாக ஏற்றினர். ஏற்றியது தானியங்கு முறையாலன்று, மனிதர் கையால். ஏழில் ஏற்றியவர் எட்டாவதில் ஏற்ற மறந்தார்; இரண்டாமவர் ஒருவர் சரிபார்க்கும் வழக்கமும் அங்கில்லை. அவ்வெட்டாவது பொறியில், 2003-இலேயே வழக்கொழிந்த பவர் பெக் என்னும் பழைய நிரற்பகுதி அழிக்கப்படாது கிடந்தது. புதிய நிரலைத் தூண்டுதற்கு அமைத்த குறியோ, முன்னர் அப்பழைய பகுதியைத் தூண்டிய அதே குறி.

ஆகஸ்டு 1 அன்று காலை சந்தை திறந்தது. ஏழு பொறிகள் புதிய முறையிற் பணிசெய்தன. எட்டாவது, பன்னீராண்டு உறக்கத்தினின்று அன்று, ஒன்பதாண்டு உறக்கத்தினின்று எழுந்தாற்போல், ஓயாது பங்குகளை வாங்கவும் விற்கவும் தலைப்பட்டது. வாடிக்கையாளரின் 212 சிறு ஆணைகளை நிறைவேற்றப் புகுந்து, ஏறத்தாழ 45 நிமிடங்களில் 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகளைச் செய்துவிட்டது. நட்டம் 46 கோடி டாலருக்கு மேல். அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2013 அக்டோபரில் இதனை விரித்துரைத்து, 1 கோடியே 20 இலட்சம் டாலர் தண்டமும் விதித்தது. அதற்குள் அந்நிறுவனம் வேறொன்றோடு இணைந்துவிட்டது.

இவ்வரலாற்றில் என் உள்ளத்தை மிகத் தொட்டவை இரண்டு. சந்தை திறக்குமுன்னரே பவர் பெக்கின் பெயரைச் சுட்டி 97 பிழைச்செய்திகள் நிறுவனத்தார் சிலர்க்கு மின்னஞ்சலாகச் சென்றிருந்தன. அவை எச்சரிக்கையாக வகுக்கப்படாமையின், ஒருவரும் அவற்றின்மேல் எழுந்திலர். மற்றொன்று அதனினும் கொடிது. இடர் புதிய நிரலால் விளைந்தது என்று கருதியோர், நலமாயிருந்த ஏழு பொறிகளினின்றும் புதிய நிரலை நீக்கினர். அதனால் அவையும் எட்டாவதைப் போலவே ஆடத் தொடங்கின. எப்பொறி எந்நிலையில் உள்ளது என்று அறியாமற் செய்த மருத்துவம் நோயைப் பெருக்கிற்று. தானியங்கு முறை இருந்திருப்பின் இஃது நேர்ந்திராது என்பார் உளர். யான் அவ்வளவு உறுதியாகச் சொல்லேன். எட்டாவது பொறி எட்டாதிருந்து, நிரல் எஞ்சிய ஏழோடு மேற்செல்ல, கணக்கின் அக்கடைசி வரியை ஒருவரும் படியாதிருந்தால், விளைவு அதுவே அன்றோ?

ஆகவே எத்துணைத் தவறினால் நிறுத்துவது என்பதை ஏட்டிலேயே முன்கூட்டி எழுதிவைத்தல் வேண்டும். இதற்கு ஆன்சிபிளில் வழிகள் பல. ஒரு பொறி தவறினும் அனைத்தையும் நிறுத்துக என்று எழுதலாம். அப்போது நடந்துகொண்டிருக்கும் பணியை அத்தொகுதியிலுள்ள எல்லாப் பொறிகளிலும் முடித்துவிட்டு நிரல் நின்றுவிடும். பொறிகளைச் சிறு அணிகளாகப் பிரித்து, ஓரணி முடிந்த பின் அடுத்த அணி என்று செலுத்தலாம். முதலணி முழுதும் தவறினால் அடுத்ததைத் தொடாது. நூற்றுக்கு இத்தனை தவறினால் நிறுத்துக என்றும் விழுக்காடு குறிக்கலாம். இதில் ஒரு கண்ணி உண்டு. குறித்த அளவை எட்டினாற் போதாது, கடத்தல் வேண்டும். நான்கு பொறிகளுள் இரண்டு தவறினால் நிற்கவேண்டும் என்று கருதி 50 என எழுதினால் நிரல் நில்லாது ஓடும். 49 என எழுதினாலே நிற்கும். "மிகின்" என்பதற்கும் "ஆகின்" என்பதற்கும் உள்ள வேற்றுமையை உரையாசிரியர்கள் போலவே இந்நிரலும் கண்டிப்பாகக் கொள்கிறது.

அனைத்தையும் நிறுத்துவது தோல்வி என்று கருதுவார்க்கு எங்கள் ஊரின் பக்கத்திலேயே விடை உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, கல்பாக்கத்துச் சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலை இயங்கிக்கொண்டிருந்தது. முதலாம் உலை செப்பனிடும் பொருட்டு முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது. கடல்நீர் பம்பு இல்லத்துட் புகவே, குளிர்நீர் பம்புகள் நின்றன. உலையும் உடனே நிறுத்தப்பட்டது. உலையிற் கேடொன்றும் நேர்ந்திலது. அன்று எங்கள் கரையில் இழந்த உயிர்களை எண்ணினால் மின்சாரம் நின்றது ஒரு பொருளே அன்று. யான் பிறக்குமுன் நிகழ்ந்த அந்நாளைப் பற்றி வீட்டில் இன்றும் தாழ்ந்த குரலிலேயே பேசுவர். ஆயினும், இன்னது கெட்டால் இன்னது நிற்கும் என்று அமைதியான நாளில் ஒருவர் எழுதிவைத்த விதியே, அலை வந்த நாளிற் பணிசெய்தது. அலை வந்தபின் கூடி ஆராய நேரமேது?

இனி என் கதை. கணிப்பொறி ஆய்வகம் ஒன்றில் யான் விடுமுறைக்கால உதவியாளனாக இருந்தேன். நாற்பது பொறிகளிலும் தமிழ்99 விசைப்பலகையை அமைக்கவேண்டியிருந்தது. சில நாள்களில் தமிழ்த் தட்டச்சுப் போட்டி. ஏடு என்னுடையதே. மூன்று பணிகள்: விசைப்பலகையைக் குறிக்கும் அமைப்புக் கோப்பை எழுதுதல், தமிழ் எழுத்துருக்களை நிறுவுதல், இறுதியாக, எழுதிய அமைப்புகளைப் பொறி படிக்கும் வடிவில் தொகுத்தல். இத்தொகுப்பைப் பின்வினையாக வைத்தேன். பின்வினையாவது, முன்னைய பணி யாதேனும் மாற்றம் செய்திருந்தால் மட்டும், எல்லாம் முடிந்தபின் ஒருமுறை நிகழ்வது.

ஓட்டினேன். முப்பத்தாறு நலம், மூன்று எட்டவில்லை, ஒன்று, பதினேழாம் எண் பொறி, தவறிற்று. எட்டாத மூன்றனையும் நேரிற் சென்று பார்த்தேன். யாரோ மின்னிணைப்பைக் கழற்றியிருந்தார். அவற்றை எழுப்பி மறுபடி ஓட்டினேன், அமைந்தன. பதினேழாவதில் வட்டு நிறைந்திருந்தமையால் எழுத்துரு ஏறவில்லை. வேண்டாத கோப்புகளை அழித்து மறுபடி ஓட்டினேன். இம்முறை கணக்கிற் பிழை ஒன்றுமில்லை: தவறியவை சுழி, எட்டாதவை சுழி. வியங்கோளின் பெருமையை வியந்துகொண்டே வீடு சென்றேன்.

நிகழ்ந்தது இது. முதன்முறை ஓட்டியபோது பதினேழாவதில் அமைப்புக் கோப்பு எழுதப்பட்டது. ஆகவே தொகுப்புச் செய்யவேண்டும் என்று நிரல் குறித்துக்கொண்டது. அடுத்த பணி தவறவே, பொறி வரிசையினின்று நீக்கப்பட்டது. குறித்துவைத்த பின்வினையும் அதனோடு போயிற்று. இரண்டாம் முறை ஓட்டியபோது, கோப்பு முன்னரே சரியாக இருந்தது, மாற்றம் இல்லை, மாற்றம் இல்லையேற் பின்வினையும் இல்லை. எழுத்துரு ஏறிற்று, கணக்கு நலம் என்றது. தொகுப்போ என்றும் நிகழவில்லை. பொறியை எத்துணை முறை அணைத்து எழுப்பினும் நிகழாது. கணக்கில் எழுதியது பொய்யன்று. ஆயின் மெய்யும் அதில் இல்லை.

இதற்குத் தீர்வு அருமையன்று. பணி தவறினும் பின்வினைகளைக் கட்டாயம் நிறைவேற்றுக என்று ஏட்டின் தலையில் ஒரு வரி எழுதலாம். அன்றி, மாற்றம் செய்த உடனே, அடுத்த பணிக்குச் செல்லுமுன், பின்வினையை நிகழ்த்துக என்று இடையிலேயே ஆணையிடலாம். முதல் வழி எட்டாமற்போன பொறிக்கு உதவாது; இரண்டாவதே எனக்கு நன்றாகத் தோன்றுகிறது. இவற்றுள் ஒன்றையும் அன்று யான் அறியேன்.

வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் குறையாய் விட்ட வினையையும் குறையாய் விட்ட பகையையும் அணையாது விட்ட நெருப்புக்கு ஒப்பிடுகிறார். அக்குறளை வகுப்பிற் படித்தபோது, பகை நெருப்பைப் போலச் சுடும் என்பது எளிதில் விளங்கிற்று. முடியாத வேலை ஏன் சுடவேண்டும், அது சும்மா கிடக்குமே என்று எண்ணினேன். செய்யாத வினை சும்மா கிடக்கும். பாதி செய்த வினை சும்மா கிடப்பதில்லை. முற்றுப்போலத் தோன்றும் எச்சம் அது. பதினேழாம் பொறியை யான் தொடாமலே விட்டிருந்தால், முதற்பார்வையிலேயே எழுத்துரு இன்மை தெரிந்திருக்கும், எவரேனும் விலக்கியிருப்பர்.

போட்டியன்று அப்பொறியின்முன் அமர்ந்தவள் முதலாண்டு மாணவி. கூவத்தூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வருபவள். கணிப்பொறிப் போட்டியில் அமர்வது அவளுக்கு அதுவே முதன்முறை. திரையில் எழுத்துருக்களின் பெயர்கள் எல்லாம் தமிழில் இருந்தன; விசையைத் தட்டினால் மட்டும் ஆங்கில எழுத்தே வந்தது. பொறி கெட்டது என்று அவள் நினைக்கவில்லை. தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தாள். கையுயர்த்திக் கேட்கவும் நாணி, அரைமணி நேரம் விசைகளை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்து, வெற்றுத்தாளாகவே விட்டு எழுந்தாள். மாலையிற் பொறிகளை அணைக்கச் சென்ற யான் அத்திரையைக் கண்டேன். வரிவரியாக ஆங்கில எழுத்துகள், ஒவ்வொரு வரியின் நெடுகிலும் அழித்தெழுதிய அடையாளம்.

மறுநாள் அவளைத் தேடிச் சென்று, பிழை உன்னுடையதன்று தங்கச்சி, என்னுடையது என்று சொன்னேன். நடுவராயிருந்த ஆசிரியரிடமும் நடந்ததை நடந்தவாறே கூறினேன். அவளுக்குத் தனியே மறுமுறை எழுத வாய்ப்பளித்தனர். பரிசு பெற்றாளில்லை, ஆயின் அரைமணியில் இரண்டு பக்கம் தட்டினாள்.

அதன்பின் அவ்வேட்டில் இரண்டு மாற்றம் செய்தேன். தொகுப்பை இடையிலேயே நிகழ்த்தும் வரி ஒன்று. மற்றது, நாற்பது பொறிகளிலும் அமைப்புத் தொகுக்கப்பட்டுள்ளதா என்று இறுதியிற் கேட்டுப் பார்த்து, ஒன்றில் இல்லையெனினும் நின்றுவிடும் பணி. அதன் விடையையும் யான் முழுதும் நம்புவதில்லை. ஒவ்வொரு பொறியின்முன்னும் அமர்ந்து ஓர் "அ" தட்டிப் பார்க்கிறேன். நாற்பது பொறிக்கும் கால்மணி நேரமே ஆகிறது.